கூடாரத்துக்கு இடம் பிடிக்க எது வசதி: வழியில் போனிலா, வீட்டிலிருந்தா, ஆள் வைத்தா?

கனடாவிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்தோடு போன ஆவணியில் கிளிநொச்சியிலிருந்து வான் வண்டியில் புறப்பட்டோம். தெற்கிலுள்ள ஒரு தேசியப் பூங்காவில் இரண்டு இரவு கூடாரமடித்துத் தங்குவதாக ஏற்பாடு. இடத்தைப் போகிற வழியிலேயே போனில் பதியலாம் என்று நம்பியிருந்தோம்.

முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, வேலையைத் தொடங்கினேன். பதிவுப் பக்கம் ஒவ்வொருவரின் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம் கேட்டது. சித்தியின் கடவுச்சீட்டு வான் கூரையில் கட்டியிருந்த பெட்டிக்குள். கயிற்றை அவிழ்த்து எடுப்பதற்குள் நேரம் முடிந்து, பக்கம் மறுபடி முதலுக்குப் போய்விட்டது. இரண்டாம் தடவை காசு கட்டும் இடம்வரை வந்தேன். அட்டை சித்தப்பாவுடையது. ஓடிபி போவதோ அவருடைய ரொறன்ரோ இலக்கத்துக்கு. அந்தச் சிம்மைக் கழற்றிக் கடதாசியில் மடித்துப் பேர்சில் வைத்திருந்தார். தேடி எடுத்துப் போட்டு, ஓடிபி வந்து சேர, வான் மாங்குளம் தாண்டிக் கனகராயன்குளத்துக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சிக்னல் போய்விட்டது. வவுனியாவில் திறந்து பார்த்தபோது அந்த இரவுகளை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். பின் இருக்கையில் பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஓடும் வாகனத்திலிருந்து பதிவதை இனி யாருக்கும் சொல்லமாட்டேன். ஒரே இடத்தில், ஒரே போனோடு, சொந்த அட்டையோடு இருப்பவருக்காகத்தான் அந்தப் பக்கங்கள் செய்யப்பட்டிருக்கின்றன.

வீட்டிலிருந்து பதிவது அதைவிட எவ்வளவோ மேல். எல்லாருடைய இலக்கங்களையும் முதலே ஒரு தாளில் எழுதிவையுங்கள். உள்ளூர் அட்டையும் அதற்குரிய சிம்மும் கையில் உள்ள ஒருவர் உட்காரட்டும். வீட்டில் இணையம் இழுத்தால் கொமினிகேஷன் கடைக்குப் போகலாம். ஆனால் திகதி கட்டிப்போட்டுவிடும். வெளிநாட்டுச் சொந்தங்களின் பயணத்தில் ஒரு செத்தவீடோ கோயில் திருவிழாவோ குறுக்கே வந்தால் இரவை மாற்றுவது இலேசில்லை. இன்னொன்று, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் கூட. கிளிநொச்சியில் பிறந்த சித்தப்பாவும் அந்தக் கணக்கில்தான் வருவார். முதலே சொல்லிவிடுங்கள், வாசலில் மனம் நோகாது.

கொழும்பில் ஆள் இருந்தால், பத்தரமுல்லையில் உள்ள வனசீவராசிகள் திணைக்களத் தலைமையகத்துக்கு அனுப்பலாம். அவருக்கு அரை நாள் லீவு போகும். ஆனாலும் எந்த முகாம் தண்ணீருக்குப் பக்கம், எது நிழல் என்று நேரில் கேட்க முடியும். திரையில் அந்தப் பதில் கிடைக்காது.

அப்புறம், பூங்காவுக்கு வெளியே உள்ள தனியார் கூடாரங்கள். வாட்ஸப்பில் பேசி, வங்கியில் முற்பணம் போட்டு, ஸ்லிப்பைப் படமெடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது. சாப்பாடு, கழிப்பறை எல்லாம் உண்டு. வயதானவர்களோடு போவதானால் இதுவே சரி. வில்பத்து தேசியப் பூங்காவுக்கு ஹுனுவிலகம வாசல் பக்கம் இப்படி இடங்கள் இருக்கின்றன. ஆனால் விடிய 6 மணிக்கு வாசலில் ஜீப்புகளோடு காத்துநிற்க வேண்டும், பொழுதுபட வெளியே வந்துவிட வேண்டும். காட்டின் இரவு உங்களுக்குக் கிடைக்காது.

எனக்கு அந்த இரவுதான் வேண்டும். வில்பத்து ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர் காடு. மழைநீர் தேங்கி நிற்கும் 'வில்லு' என்ற இயற்கைக் குளங்கள்தான் அதன் உயிர். போரால் 1988இல் மூடி, 2003இல் திறந்து, 2006இல் திரும்ப மூடி, 2010இல்தான் மறுபடி திறந்தார்கள். மன்னார்ப் பக்கம் முசலியிலிருந்து பார்த்தால் மோதரகம் ஆற்றுக்கு அப்பால் அந்தக் காடு. அவ்வளவு பக்கத்தில் இருந்தும், எங்கள் வயதுக்காரர் பலர் இன்னும் அதற்குள் ஒரு இரவு தூங்கியதில்லை.

சித்தப்பா வாற ஆடியில் திரும்பவும் வருகிறார். எல்லாருடைய இலக்கங்களும் இப்போதே நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கின்றன. காசு என் அட்டையில். பதிகிற அன்று வான் முற்றத்திலேயே நிற்கும்.