ஏ.ஏ. கூட்டங்கள்: குடியை நிறுத்திய பின் வரும் மாலைகளுக்காக

குடியை நிறுத்த உதவும் இடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிறுத்தும் நாள் வரையிலான கதையோடு முடித்துக்கொள்கிறார்கள். நிறுத்தி ஆறு ஆண்டுகள் கடந்தவன் என்ற முறையில், அந்த நாளுக்குப் பின் வருகிற வாழ்க்கைக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதை மட்டும் அளவுகோலாக வைத்து, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. அமைப்பின் தமிழ்க் கூட்டங்களை இங்கே மதிப்பிடுகிறேன். உறுப்பினர்கள் பொதுவெளியில் தம் அடையாளத்தை வெளியிடுவதில்லை என்பது அந்த அமைப்பின் மரபு. ஆகவே என் பெயரையும் நான் செல்லும் கூட்டம் நடைபெறும் ஊரையும் எழுதவில்லை.

ஏ.ஏ.வுக்குப் போவதற்கு முன்பு ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் 30 நாள் இருந்தேன். வாயிற்கதவு பூட்டியே இருந்ததால் அந்த 30 நாளும் நான் குடிக்கவில்லை. வெளியே அனுப்பும்போது மாத்திரைச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்களே தவிர, இனி மாலை ஆறு மணிக்கு நான் எங்கே போவேன், யாரோடு பேசுவேன் என்று எவரும் கேட்கவில்லை. என் மனைவியிடமும் எதுவும் சொல்லவில்லை. வீடு திரும்பிய பதினோராம் நாள் மறுபடியும் குடித்தேன். அந்தப் பதினோரு நாளில் எனக்குக் குடிக்க வேண்டும் என்ற வெறி இருந்ததாக நினைவில்லை. வேலை முடிந்து வந்ததிலிருந்து தூங்கும் வரை இருந்த நான்கு மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாத தவிப்புதான் இருந்தது. பதினெட்டு ஆண்டுகளாக அந்த நேரத்தை டாஸ்மாக் கடையும் அதையொட்டிய பாரும் எனக்காக நிரப்பிவைத்திருந்தன.

ஏ.ஏ. என்பது மருத்துவமனையும் அல்ல, தொண்டு நிறுவனமும் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரில், நியூயார்க்கிலிருந்து வியாபார வேலையாக வந்து அது தோற்றுப்போன நிலையில் மறுபடியும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சிய பில் வில்சன், தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் அன்றைய பொழுதைக் கடந்துவிடலாம் என்று நம்பித் தேடியபோது, டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் தேதியையே அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்கிறார்கள். குடிநோயாளி ஒருவன் இன்னொரு குடிநோயாளியிடம் பேசுவதே இதன் சிகிச்சை முறை என்று சொல்லலாம். கூட்டத்தை நடத்துவதற்கென்று சம்பளம் வாங்கும் ஆலோசகர் யாரும் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குப் போதுமான தகுதி.

கட்டணமும் இல்லை. கூட்டத்தின் நடுவே ஒரு பை சுற்றி வரும். விருப்பமுள்ளவர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள், புதியவர்கள் போட வேண்டியதில்லை. வெளியாரிடமிருந்து நன்கொடை வாங்குவதில்லை என்பதை அமைப்பு விதியாகவே வைத்திருக்கிறது. குடித்த காலத்தில் இரண்டு குவார்ட்டர், சைடு டிஷ், தண்ணீர் பாட்டில் என்று நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 300 ரூபாய், மாதத்துக்கு 9,000 ரூபாய் செலவழித்த எனக்கு, பத்து ரூபாய் போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்க ஓரிடம் கிடைத்ததே பெரிய செய்தியாக இருந்தது.

கூட்டம் நடைபெறும் விதம் எளியது. பள்ளி வகுப்பறை ஒன்றில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். சிறிது நேர மௌனம், மாற்ற முடியாததை ஏற்கவும் மாற்றக்கூடியதை மாற்றவும் இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அறியவும் வேண்டுகிற ஒரு சிறிய பிரார்த்தனை, அமைப்பைப் பற்றிய முன்னுரை வாசிப்பு ஆகியவற்றுக்குப் பிறகு ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கிப் பேசுவார்கள். பேச விருப்பமில்லாதவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். ஒருவர் பேசி முடித்த பிறகு அவருக்கு யாரும் புத்தி சொல்வதில்லை, குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. மாமனார் முதல் மளிகைக் கடைக்காரர் வரை அனைவரிடமும் அறிவுரை கேட்டுப் பழகிய எனக்கு, பதினைந்து பேர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு நன்றி என்ற ஒரு சொல்லோடு அடுத்தவரிடம் சென்றது நம்ப முடியாத அனுபவமாக இருந்தது. அன்று நான் பேசியது இரண்டு நிமிடம்கூட இராது. ஆனால் பல ஆண்டுகளில் நான் பொய் கலக்காமல் பேசிய முதல் இரண்டு நிமிடம் அது.

என்னைப் பொறுத்தவரை இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு இரண்டாவது வாரத்தில் தெரிந்தது. கூட்டம் தொடங்க அரை மணி நேரம் முன்னதாக வந்து நாற்காலி போட முடியுமா என்று கேட்டார்கள். மறுவாரம், டீயும் பிஸ்கட்டும் வாங்கி வருமாறு 200 ரூபாயை என் கையில் கொடுத்தார்கள். அந்த நாட்களில் என் மனைவி பால் பாக்கெட் வாங்கக்கூட என்னிடம் பணம் கொடுப்பதில்லை. கொடுக்காததில் தவறும் இல்லை. அந்த 200 ரூபாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டாஸ்மாக் கடை இருக்கும் திருப்பத்தைத் தாண்டி, டீக்கடைக்குச் சென்று, மீதிச் சில்லறையை எண்ணித் திரும்பக் கொடுத்த மாலையை இன்றும் மறக்க முடியவில்லை. குடிக்காமலிருப்பதற்கு என் மனஉறுதி மட்டும் போதவில்லை. ஆறரை மணிக்கு என்னை எதிர்பார்த்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள், நான் போகவில்லையென்றால் அவர்களுக்கு டீ இல்லை என்ற நிலையே என்னைக் காத்தது. மறுவாழ்வு மையம் என்னை நோயாளியாக மட்டுமே வைத்திருந்தது, கூட்டமோ என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தது.

முதல் ஆண்டில் வாரத்துக்கு ஐந்து கூட்டங்களுக்குச் சென்றேன். எனக்கு வழிகாட்டியாக, அங்கே வழங்கும் சொல்லில் ஸ்பான்சராக அமைந்தவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். வாழ்நாள் முழுக்கக் குடிக்காமலிருக்க என்னால் முடியாது என்று ஒருநாள் அழுதபோது அவர் சொன்னார்: "தம்பி, வாழ்நாளெல்லாம் யாரு கேட்டா? ராத்திரி பத்து மணி வரைக்கும் இருங்க. பத்து மணிக்குக் கடைய மூடிருவான்." இந்த ஒரு நாள் மட்டும் என்று ஏ.ஏ. சொல்லும் கொள்கையைக் கடை மூடும் நேரத்தோடு அவர் பொருத்திக் காட்டிய பிறகே அது எனக்குப் புரிந்தது. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எதுவும் அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அவரிடமிருந்து கற்றேன். குடியை விட்ட தொடக்க மாதங்களில் பலருக்கும் இனிப்பின் மேல் நாட்டம் மிகும். என் சட்டைப் பையில் அப்போது எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். மாலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு கடையைக் கடப்பதும் நான்கு மிட்டாய்களைத் தின்றுவிட்டுக் கடப்பதும் ஒன்றல்ல என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

பன்னிரண்டு படிகள் எனப்படும் நெறிமுறையைப் பற்றி விரிவாக எழுத இங்கே இடமில்லை. எனக்கு அதிகம் பயன்பட்டது, நம்மால் தீங்கடைந்தவர்களைப் பட்டியலிட்டு அவர்களுக்கு ஈடுசெய்யச் சொல்லும் எட்டாவது, ஒன்பதாவது படிகள். என் தங்கையின் சங்கிலியை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்து மூழ்கவிட்டிருந்தேன். முதல் மாதமே அவள் காலில் விழ வேண்டும் என்று துடித்த என்னை, "மன்னிப்புக் கேக்கறது அப்புறம், மொதல்ல பணத்தச் சேருங்க" என்று ஸ்பான்சர் தடுத்தார். ஈடுசெய்வது அவர்களுக்கோ மற்றவர்களுக்கோ மேலும் தீங்கு தருமானால் செய்யக் கூடாது என்று ஒன்பதாவது படியிலேயே இருக்கிறது. பாரத்தை நாம் இறக்கிவைப்பதற்காக மற்றவர் தலையில் ஏற்றக் கூடாது என்று அதற்கு அவர் பொருள் சொன்னார். குடிக்குச் செலவாகியிருக்கக்கூடிய பணத்திலிருந்து 26 மாதம் சேர்த்து, அதே எடையில் சங்கிலி வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி உடனே கழுத்தில் போட்டுக்கொண்டாள். பழையதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

என் மனைவி குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டங்களுக்குச் சென்றாள். பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951ஆம் ஆண்டு தொடங்கிய அந்த அமைப்பு, குடிக்கிறவரைத் திருத்தும் வழியைச் சொல்லித் தருவதில்லை. அவரோடு வாழ்ந்து நொந்துபோனவர்கள் தம்மைத் தாமே மீட்டுக்கொள்ள உதவுகிறது. என் பையைச் சோதிப்பதை அவள் எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. நிறுத்திவிட்டாள் என்பதை வெகுநாள் கழித்தே கவனித்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். படிகளில் கடவுள் என்ற சொல் பல இடங்களில் வருகிறது. நாம் புரிந்துகொண்ட வகையிலான கடவுள் என்று அதைத் தளர்த்தியிருந்தாலும், இறைமறுப்பில் உறுதியுள்ளவர்களுக்கு அது நெருடலாகவே இருக்கும். பெரியார் வழியில் வந்த நண்பர் ஒருவர் கூட்டத்தையே தனக்கு மேலான சக்தியாக எண்ணிக்கொண்டு எட்டு ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கிறார். ஆயினும் பிரார்த்தனையின்போது அவர் மௌனமாகவே நிற்பார். ஆண்களே நிறைந்த அறைக்குள் வந்து தன் குடியைப் பற்றிப் பேசுவது ஒரு பெண்ணுக்கு நம் ஊர்ச் சூழலில் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கிராமத்திலிருந்து வருகிறவருக்குக் கடைசிப் பேருந்து கவலையும் உண்டு. கைப்பேசி வழியே நடக்கும் கூட்டங்கள் இவ்விரண்டையும் ஓரளவு தணித்திருக்கின்றன, ஆனால் அவற்றில் நாற்காலி போடும் வேலை இல்லை.

இவற்றையெல்லாம்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர், கூட்டத்தை மட்டும் நம்பித் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் நடுக்கம், பிதற்றல், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தான நிலை ஏற்படலாம். இதற்கு மருந்தும் தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியும் மருத்துவரின் கண்காணிப்பும் தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதைக் காட்டலாம். கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை, உடலுக்கான சிகிச்சையோடு குடும்பத்தினருக்கான ஆலோசனையையும் சேர்த்தே தருகிறது. 14446 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்தும் வழி கேட்கலாம். மருத்துவமும் கூட்டமும் ஒன்றுக்கொன்று மாற்று என்று கருதுவது தவறு.

கூட்டங்கள் உண்மையிலேயே பயனளிக்கின்றனவா என்று கேட்பவர்களுக்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரையும் கணக்கில் எடுத்து 2020ஆம் ஆண்டு வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, ஏ.ஏ.வோடு இணைக்கும் முறையான சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமலிருப்பதில் மற்றச் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தருவதாகக் கண்டது. ஆனால் எல்லோருக்கும் இது பொருந்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவரின் இறுதிச் சடங்குக்கும் போயிருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டிலிருந்து கூட்டங்களை வாரத்துக்கு இரண்டாகக் குறைத்துக்கொண்டேன். இதில் மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு உடன்பாடில்லை, ஆனால் என் கருத்து வேறு. கூட்டமே வாழ்க்கையாகிவிட்டால் மீண்டு வந்ததன் பயன் முழுமை பெறாது. பள்ளி நாட்களில் வாலிபால் ஆடியவன் நான். இப்போது மற்ற நாட்களில் ஆறு மணி முதல் எட்டு மணி வரை எங்கள் தெருப் பையன்களின் ஆட்டத்துக்கு விசில் ஊதும் நடுவராக இருக்கிறேன். தீபாவளிக்கு முந்தைய இரவையும், துக்க வீட்டின் பின்புறம் பாட்டில் திறக்கப்படும் நேரத்தையும் கடப்பது இன்றும் எளிதில்லை. அத்தகைய இடங்களுக்குத் தாமதமாகச் சென்று சீக்கிரம் திரும்பிவிடுகிறேன்.

முதல் முறை செல்கிறவர், அது திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேட்டுவிட்டுச் செல்வது நல்லது. மூடிய கூட்டத்தில் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டுமே அமரலாம், திறந்த கூட்டத்துக்கு மனைவியையோ அண்ணனையோ அழைத்துச் செல்லலாம். திரும்பும் முன் குறைந்தது ஐந்து பேரின் கைப்பேசி எண்களை வாங்கிக்கொள்ள வேண்டும். குடிக்கத் தோன்றும் மாலையில், குடித்த பிறகு அல்லாமல் குடிக்கும் முன்பே, அவற்றில் ஒன்றை அழைக்க வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த எண்ணை அழையுங்கள். அப்படிப்பட்ட ஒரு மாலையில் எனக்கு மூன்றாவது எண்ணில்தான் பதில் கிடைத்தது.