தையில் வெள்ளை, பங்குனியில் பெயின்ட்: கையிலிருக்கும் காசுக்கு டெல்டா வீட்டில் எது நிற்கும்?

கார்த்திகை மழை ஓய்ந்ததும் கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் பெயின்ட் கடையில் நிற்க இடம் இருக்காது. பொங்கலுக்குள் வீடு பளிச்சென்று ஆகிவிட வேண்டும். அடுத்த ஆடிக்குள் அதே சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, சில வீடுகளில் இடுப்பு உயரத்துக்கே பெயின்ட் கொப்பளித்து, உள்ளே மாவு மாவாக உப்பு பூத்திருக்கும். பெயின்டரைத் திட்டுவோம். அடுத்த பொங்கலுக்கு இன்னும் விலை கூடிய டப்பாவை வாங்கி அடிப்போம். குறைந்த பட்ஜெட்டில் வீட்டைச் சீர்செய்ய நினைக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய விரயம் கிடையாது. ஆகவே சுவர், தரை, மாடி என்று ஒவ்வொன்றுக்கும் கடையில் கிடைப்பதை எதிரெதிரே வைத்துப் பார்ப்போம். என் அளவுகோல் ஒன்றுதான்: நம் ஊர்த் தண்ணீரோடு எது ஒத்துப்போகிறது?

தண்ணீர்க் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கமான நடைமுறை. தண்ணீர் வருகிற ஆண்டுகளில் அந்த ஏழு மாதமும் ஆறு, வாய்க்கால், வயல் எல்லாம் நனைந்து கிடக்கும். நிலத்தடி நீரும் மேலேறி நிற்கும். அதற்கு நடுவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. களிமண் பூமி குடித்த தண்ணீரைச் சீக்கிரம் விடாது. போதாததற்கு, ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்ந்து வீடு பள்ளத்துக்குப் போகிறது. அஸ்திவாரத்துக்கு மேல் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறாமலிருக்கப் போட்ட தடுப்பு மண்ணுக்குள் புதைந்துவிடுகிறது. பழைய வீடுகளில் அந்தத் தடுப்பே கிடையாது. தை மாதத்தில் சுவர் மிகுந்த ஈரத்தோடு நிற்கிறது என்பதே இதன் பொருள். அந்த மாதத்தைப் பார்த்துத்தான் நாம் எமல்ஷன் என்னும் பிளாஸ்டிக் பெயின்டை அடிக்கிறோம்.

சுவர்: சுண்ணாம்பு, டிஸ்டெம்பர், எமல்ஷன், பேனல்

உப்பு எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். செங்கல் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. ஈரத்தில் கரைந்த உப்பும் கூடவே ஏறுகிறது. சுவரின் மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கிப் படிகமாகிறது. மேலே பட்டியும் (சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு) எமல்ஷனும் மூடியிருந்தால் அந்தப் படிகம் பூச்சுக்குப் பின்னாலேயே வளர்ந்து பூச்சைத் தள்ளுகிறது. கொப்பளம் என்று நாம் பார்ப்பது இதைத்தான். பெயின்ட் எவ்வளவு கெட்டியாகச் சுவரை மூடுகிறதோ அவ்வளவுக்கு அந்தச் சுவரில் அது ஆகாது.

சுண்ணாம்பு அப்படி மூடுவதில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மறுபடி கல்லாக இறுகுகிறது. இறுகிய பிறகும் ஈரம் வெளியேற வழி விடுகிறது. அது இறுகுவதற்கே கொஞ்சம் ஈரம் வேண்டும் என்பதால்தான் அடிக்குமுன் சுவரை நனைத்துக்கொள்கிறார்கள். பூஞ்சணம் பிடிக்காத அளவுக்குக் காரமும் உண்டு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் பழக்கம் நம் சுவருக்குப் பொருந்தியதற்குக் காரணம் இது. பழக்கத்தை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றினோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. மன்னார்குடிப் பக்கத்து வயதான கொத்தனார் ஒருவர் என்னிடம் சொன்னார்: "செவுரு இப்பத்தாம்மா குளிச்சிட்டு வந்து நிக்குது. துவட்டாம ரப்பர் சட்டையை மாட்டிவிட்டா அது என்ன பண்ணும்?"

சுண்ணாம்பின் குறைகளையும் மறைக்கக் கூடாது. சாய்ந்தால் முதுகில் ஒட்டும். குழந்தை கிறுக்கினால் துடைக்க முடியாது. ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். ஏற்கெனவே எமல்ஷனோ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் அப்படியே அடித்தால் பிடிக்காது. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும், கூலியில் பெரும்பகுதி அதற்கே போகும். கல் சுண்ணாம்பை வாங்கி முதல் நாளே நீற்றி, துணியில் வடிகட்டி, பிசின் கலந்து, நீர்க்க மூன்று பூச்சு அடிப்பது நல்லது. கெட்டியாக ஒரே பூச்சு அடித்தால் உதிரும். சிலர் கல்லுப்பும் சேர்ப்பார்கள். ஓதம் ஏறும் சுவருக்கு அது வேண்டாம், உப்பு ஈரத்தை இழுக்கும். நீற்றும்போது தெறிப்பது கண்ணில் பட்டால் ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

தண்ணீரில் கலந்து அடிக்கும் டிஸ்டெம்பர் எமல்ஷனைவிட மலிவு, சுண்ணாம்பைவிட வழவழப்பு. ஆனால் ஓதம் கண்டால் ஏடு ஏடாக உரிந்து வரும். உள்தடுப்புச் சுவர், மாடி அறை, சாமான் அறைக்குப் போதும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

எமல்ஷனை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காய்ந்த சுவரில் அதற்கு இணை கிடையாது. ஈரத்துணியால் துடைக்கலாம், நிறம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மாடி அறைகளுக்கும் சமையலறையின் மேல்பகுதிக்கும் அதைத்தான் சொல்வேன். அடிக்கிற காலத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். வாய்க்கால் வறண்டு, வயல் வெடித்து, சுவர் காய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையில் அடியுங்கள். பெயின்டரும் அப்போது அவசரமில்லாமல் வருவார்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்கச் செலவே ஆகாது. ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் தரைக்குச் சற்று மேலே வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது தாளின் உட்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம், வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமென்றால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெருமளவு சரியாகும். பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுகிற மாவை முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள்.

பிவிசி பேனலும் வால்பேப்பரும் இப்போது டிவி சுவருக்கென்றே விற்கப்படுகின்றன. கீழ்த்தளத்தில், ஓதமுள்ள சுவரில் இவை இரண்டும் வேண்டவே வேண்டாம். சுவர் அழுகுவது கண்ணுக்குத் தெரியாமல் போகும், பின்னால் பூச்சி குடியேறும், வாடை வரும். அடியிலிருந்து நாலடி உயரத்துக்குச் சுவர் டைல்ஸ் ஒட்டுவதும் இதே வகைதான். வழி அடைபட்ட ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி அங்கே பூக்கும். இடுப்பளவில் நின்ற கறை தோளளவுக்கு ஏறியதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம்.

காசு குறைவென்றால் எனக்குத் தோன்றும் சிறந்த வழி, சுவரை இரண்டாகப் பிரிப்பது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. அடியிலிருந்து நாலடி மட்டும் 176 சதுர அடி. அந்தக் கீழ்ப்பகுதியில் உளுத்துப்போன சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்து, மாசி முதல் வைகாசி வரை செங்கல்லைத் திறந்தே காயவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசி, காவியோ மஞ்சள் காவியோ கலந்த சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். மேலே உங்களுக்குப் பிடித்த எமல்ஷன். கீழே காவிப் பட்டை, மேலே வெளிர் நிறம் என்று பார்க்கவும் கோயில் மதில் சாயலில் லட்சணமாக இருக்கும். அடுத்த பொங்கலுக்குக் கீழே மட்டும் ஒரு பூச்சு கொடுத்தால் போதும்.

அதற்கும் முன்னால் சுவரோரம் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பாத்திரம் கழுவும் தண்ணீர் சுவரடியிலேயே ஓடி வாழைக்குப் போகிறதா? மண்ணைச் சுவரோடு மேடாகக் குவித்திருக்கிறதா? தண்ணீரைத் திருப்பிவிட்டு மண்ணை வெட்டி எடுக்க ஓர் ஆள் கூலி. எந்தப் பெயின்டையும்விட அந்தக் கூலி அதிகம் வேலை செய்யும்.

தரை: காவியா, டைல்ஸா, வினைலா

விரிசல் விட்ட பழைய சிமெண்டுத் தரைக்கு மூன்று வழி. மலிவானதும் சீக்கிரம் முடிவதும் வினைல் விரிப்பு. ஒரே மதியத்தில் அறை புதிதாகிவிடும். ஆனால் கீழ்த்தளத்தில் தரையிலிருந்து ஏறும் ஈரம் அதற்கடியில் சிக்கிக்கொள்ளும். ஐப்பசியில் ஓரம் சுருண்டு, தூக்கிப் பார்த்தால் கறுப்பாகப் பூஞ்சணம். மாடி அறை, வாடகை வீடு என்றால் சரி.

காவித் தரை, அதாவது ரெட் ஆக்சைடு கலந்த சிமெண்டுத் தரை, நம் தாத்தா பாட்டி வீடுகளில் இன்றும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. வெயிலில் கால் வைத்தால் குளிரும், ஆண்டுகள் ஆக ஆக மெருகு கூடும். பொருள் மலிவு, அதன் விலையெல்லாம் கையில் இருக்கிறது. ஓர் அறையை ஒரே மூச்சில் இழைத்து முடிக்க வேண்டும், ஒரு வாரம் தண்ணீர் கட்ட வேண்டும், பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும். கலவையிலோ தண்ணீர் கட்டுவதிலோ கைவிட்டால் விரிசல் வரும். ஒட்டுப் போட்டால் நிறம் சேராது. அந்த வேலை தெரிந்த கொத்தனார் செய்த தரையை நேரில் பார்த்த பிறகே பேசுங்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் யோசிக்காமல் காவிதான்.

கிடைக்காவிட்டால் டைல்ஸ். பழைய தரையைப் பெயர்க்காமலே மேலே பசை போட்டு ஒட்டலாம். உடைக்கிற கூலியும் குப்பை அள்ளும் கூலியும் மிச்சம். முதலில் ஒரு சின்னச் சுத்தியலால் தரை முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'டொக்'கென்று பொத்தலாகக் கேட்கும் இடத்தை மட்டும் பெயர்த்துப் பூசிவிட்டு ஒட்ட வேண்டும். தரை உயர்வதால் கதவின் அடியை இழைக்க வேண்டிவரும். தச்சர் கூலியையும் கணக்கில் சேருங்கள். இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் ஒரு பெட்டியில் நாலு வரும், ஏறக்குறைய பதினைந்தரை சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எட்டுப் பெட்டி, உடைசலுக்கு ஒன்று சேர்த்து ஒன்பது. மிஞ்சியதைத் திருப்பித் தராதீர்கள். பின்னாளில் ஒன்று உடைந்தால் அதே நிறம் கிடைக்காது. தண்ணீர் உறிஞ்சாத விட்ரிஃபைடு டைல்ஸே நம் ஊருக்கு ஏற்றது. பளபளப்பைவிட மேட் வகையை எடுங்கள், அடைமழையில் ஈரக் காலோடு வரும் பெரியவர்கள் வழுக்கி விழாமலிருப்பார்கள்.

ஆத்தங்குடிக் கல், அதாவது செட்டிநாட்டில் கையால் செய்யும் சிமெண்டு டைல்ஸ், அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் வண்டி வாடகையும் வழியில் உடைவதும் சேர்ந்தால் சிறு பட்ஜெட்டில் வீடு முழுக்கப் போட முடியாது. பூஜையறைக்கோ வாசல் நடைக்கோ மட்டும் போட ஆசைப்பட்டால் போடலாம்.

மாடி

சித்திரை வெயிலில் ஓட்டுவீடு குளிர, மச்சு வீடு வேகும். தளத்துக்கு மேலே என்ன செய்யலாம்? வெள்ளைப் பூச்சுதான் செலவு குறைந்தது. வெயிலைத் திருப்பியடித்துவிடும், கீழே சூடு குறைவது உடனே தெரியும். விரிசலை அடைத்துவிட்டு அடிக்க வேண்டும், பாசி படிந்தால் கழுவ வேண்டும், இரண்டு ஆண்டில் மறுபடி அடிக்க வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டை ஓடு பதிப்பது செலவு அதிகம், தளத்துக்குப் பாரமும் கூடும். ஆனால் சூட்டுக்கும் ஒழுகலுக்கும் சேர்த்து நெடுநாள் நிற்கும். பழைய தளமென்றால் பாரம் தாங்குமா என்று இன்ஜினியரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கீற்றுக் கொட்டகை மற்றதையெல்லாம்விடக் குளுமை. இரண்டு மூன்று ஆண்டில் மாற்ற வேண்டும், தீபாவளி ராக்கெட்டுக்குப் பயப்பட வேண்டும். தகர ஷீட் போட்டால் துணி காயப்போட, நெல் வைக்க இடமாகும், மழையும் தளத்தில் படாது. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது ஷீட்டுகள் காகிதமாகப் பறந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. கடலோர வட்டங்களில் இருப்பவர்கள் பூட்டும் கொக்கியிலும் தூணைத் தளத்தோடு பிணைப்பதிலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். அதற்குக் காசில்லை என்றால் ஷீட்டை விட்டுவிட்டு வெள்ளைப் பூச்சோடு நில்லுங்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் சூட்டைக் குறைக்கும் என்று சொல்லி விற்பார்கள். தளம் ஒழுகினால் முதலில் ஊறி விழுவது அதுதான். ஒழுகலை நிறுத்தாமல் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

அலங்காரம்

இதற்குக் கடைசியில் மிஞ்சுகிற காசு போதும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பூச்சாடி, ஸ்டிக்கர் ஆகியவற்றைவிடப் பரணில் கிடக்கும் பித்தளைக்கு அழகு அதிகம். புளி போட்டுத் துலக்கிய ஓர் அண்டாவைத் திண்ணை மூலையில் வைத்து, நாலு பூ மிதக்கவிட்டாலே கூடம் மாறிவிடும். புதிதாக வாங்குவதென்றால் நாச்சியார்கோயில் விளக்கில் ஒன்று வாங்குங்கள், சிறியதாக இருந்தாலும் சரி. பேரப்பிள்ளைகள் வரை வரும். பிளாஸ்டிக் பாய்க்கும் கோரைப் பாய்க்கும் நடுவே எனக்குத் தயக்கமே இல்லை, முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் விளைந்த கோரைதான். மழைக்காலத்தில் மட்டும் சுருட்டி நிமிர்த்தி வையுங்கள், தரையில் விரித்தே கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

தஞ்சாவூர் ஓவியம் மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத்தூளும் பசையும் குழைத்துப் புடைப்பாக்கி, மேலே தங்க ரேக்கு ஒட்டியது அது. ஓதம் பட்டால் பலகை வளைந்து புடைப்பு விடும், கரையானும் வரும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். உள்தடுப்புச் சுவரில், தோளுக்கு மேலே, சட்டத்துக்குப் பின்னால் நாலு மூலையிலும் விரற்கடை தடிமனுக்கு ரப்பர் குமிழ் ஒட்டி, பின்பக்கம் காற்றுப் போக இடம் விட்டு மாட்டுங்கள்.