அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகள்

அலுவலகத்தில் ஒரு பெரிய மாற்றத்தை முன்னின்று நடத்தும் பொறுப்பு வந்ததிலிருந்து, 2010-இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்கு ஞாயிறுதோறும் மகளுடன் சென்று வருகிறேன். நிர்வாகவியல் நூல்களைப் படிப்பதே நோக்கம் என்றாலும், குழந்தைகள் பிரிவைத் தாண்டிய நாள்கள் குறைவு. அங்குள்ள செயற்கை மரத்தருகே, நான் தேர்ந்து கொடுத்த கதைநூலை அவள் மூடி வைத்துவிட்டு, தானே அலமாரிக்கு நடந்து, டைனோசர் படம் போட்ட கனத்த புத்தகமொன்றை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தபோது, என் குழுவினரிடமும் இப்படித்தான் என் விருப்பத்தைத் திணிக்கிறேன் என்பது உறைத்தது. (மறுநாள் கூட்டத்தில் நான் கடைசியாகத்தான் பேசினேன்.) சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிக்கவும் தனிப்பகுதி உண்டு. குழந்தையோடு செல்பவர்கள், அது கிளம்ப மறுக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு காலையிலேயே சென்றுவிடுவது நல்லது.