பெட்ரோல் டேப்புக்கு எந்த டியூப்?

பழைய கார்புரேட்டர் வண்டியில் டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் கசிகிறதென்று அதைக் கழற்றிவிட்டு வெளிச்சந்தை டேப் மாட்டுபவர்கள், டேப்பை நாலு கடை ஏறி இறங்கிப் பார்க்கிறார்கள். டேப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் டியூபை மட்டும் கடைக்காரர் எடுத்து நீட்டியதையே வாங்கி வந்துவிடுகிறார்கள்.

அளவு முதலில். வெளிச்சந்தை டேப்பின் மூக்கு (டியூப் மாட்டும் குழல் முனை) பல நேரம் 8 மி.மீ. இருக்கும்; கார்புரேட்டர் பக்கம் 6 மி.மீ. மட்டுமே இருக்கலாம். 6 மி.மீ. டியூபைச் சூடாக்கி 8-இல் திணித்தால் நாளடைவில் வாய் கிழியும். 8 மி.மீ. டியூபை 6-இல் போட்டுக் கிளிப்பால் நெருக்கினால் ரப்பர் மடிந்து, மடிப்பு வழியே கசியும். நடுவில் 8-க்கு 6 இணைப்பான் ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது.

அடுத்து டியூப். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபுக்கு ஒரே பலம், பெட்ரோல் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். சாதாரண ரகம் என்ஜின் சூட்டில் மஞ்சளித்து விறைத்துவிடும். பிறகு மூக்கில் பிடிப்பு இருக்காது. நிறம் நிறமாகத் தொங்கும் சிலிக்கான் டியூபோ சூட்டைத் தாங்கும், பெட்ரோலைத் தாங்காது: ஊதிப்போகும். அதை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம்.

கம்பி வலை போர்த்தியது பார்க்க ஜோர். ஆனால் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கும் வண்டியில் அழுத்தம் எவ்வளவு? அரை மீட்டர் உயரம் என்றே வைத்தாலும் அரை பிஎஸ்ஐதான் (டயர் காற்றை அளக்கும் அதே அலகு). அதற்கு எதற்கு இரும்புக் கவசம்? உள்ளே ரப்பர் வெடித்தாலும் வெளியே தெரியாது, வெட்டிய நுனியில் கம்பி பிரிந்து விரலைக் குத்தும், டேங்க் பெயின்ட்டையும் உரசித் தேய்க்கும்.

என் ஓட்டு கறுப்பு ரப்பருக்கு. அதிலும் மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 (எரிபொருள் டியூபுக்கான தரக் குறியீடு) என்றிருந்தால் கார்புரேட்டர் வண்டிக்குப் பொதுவாகப் போதும். ஆர்9 என்பது ஊசித் தெளிப்பு (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டிகளின் அழுத்தத்துக்காக வந்தது. நமக்கு அழுத்தம் தேவையில்லை, அதன் உட்சுவரில் இருக்கும் ஃப்ளோரோ ரப்பர்தான் தேவை. எத்தனால் கலந்த பெட்ரோலை அது நைட்ரைல் ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிவிட்டதால், கொஞ்சம் கூடக் கொடுத்து ஆர்9 வாங்குவதையே சொல்வேன். ஒரு குறை: சுவர் தடிமன் அதிகம், குறுகிய வளைவில் மடங்கும். டேப்பின் மூக்கு பின்னோக்கி இருந்தால் தாராளமாக நீளம் விட்டு, மேலே ஏறி இறங்காமல் தொடர்ந்து இறக்கமாகவே கொண்டுபோங்கள். மேடு விழுந்தால் காற்று அடைத்து வண்டி திணறும்.

கிளிப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்க்ரூ கிளிப் இந்தச் சின்ன அளவில் முழு வட்டமாக நெருக்காது, துளையுள்ள பட்டை ரப்பரைக் கடிக்கும். ஸ்பிரிங் கிளிப்போ ரப்பர் சுருங்கச் சுருங்கத் தானே நெருங்கிக்கொள்ளும். டியூப் முனையைப் பிளேடால் நேராக வெட்டி, மூக்கில் துளி எண்ணெய் தடவி, மூக்கு நுனியிலுள்ள மேடு தாண்டும்வரை தள்ளி, கிளிப்பை மேட்டுக்குப் பின்னால் உட்கார வையுங்கள். மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் வழுக்கிவிடும். அப்புறம் டேப்பைத் திறந்து, பத்து நிமிஷம் கழித்து உலர்ந்த டிஷ்யூவால் இரண்டு முனையையும் ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் என்ஜினைக் கிளப்பாதீர்கள்.