குடிநீர்த் தொட்டியைக் கழிவுநீர்த் தொட்டி என்று புதைத்துவிட்டுப் போனார்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் புதிதாகக் கழிப்பறை கட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

காவேரிப்பட்டணத்துக்கு அருகே மாந்தோப்பை ஒட்டி எங்கள் வீடு. அம்மாவுக்கு முழங்கால் வலி, இரவில் புழக்கடை வரை நடக்க முடியவில்லை. படுக்கையறையை ஒட்டியே ஒரு கழிப்பறை எடுத்தோம். தொட்டிக்குப் பொக்லைன் வைத்துத் தோண்டினால் நான்கடியில் பாறை. உடைக்கத் தனிச் செலவாகும் என்றார் மேஸ்திரி. யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தொட்டி விற்கிற கடைக்காரர் ஒருவர் வந்தார்.

"எதற்கம்மா பாறையை உடைக்கிறீர்கள்? ரெடிமேட் பயோ டேங்க் இருக்கிறது. 1000 லிட்டர், ஐந்து பேருக்குத் தாராளம். இந்தப் பவுடரைப் போட்டால் எல்லாம் கரைந்துவிடும், ஆயுசுக்கும் அள்ள வேண்டியதில்லை" என்றார். விலை 28,000 ரூபாய். நான் ஓசூரில் வேலையில் இருந்தேன். போனிலேயே சரி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மதியம் கறுப்புத் தொட்டி வந்தது, மாலைக்குள் மண்ணுக்குள் போய்விட்டது.

மூன்றே மாதம். கழிப்பறையில் ஊற்றும் தண்ணீர் இறங்காமல் நின்றது. அறைக்குள் படுக்க முடியாத நாற்றம். கடைக்காரருக்குப் போன் செய்தால், ஓர் ஆளும் பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஒரு பையனும் வந்தார்கள். மூடியைத் திறந்து பார்த்த ஆள், "அடைப்புதான். 1500 கொடுங்கள், பையனை உள்ளே இறக்கி அள்ளிவிடலாம்" என்றார். பையன் சட்டையைக் கழற்றத் தொடங்கிவிட்டான். அம்மா குறுக்கே போய் நின்றுகொண்டார். "என் வீட்டுக் குழியில் யார் பெற்ற பிள்ளையும் இறங்கக் கூடாது" என்று சொல்லி இருவரையும் அனுப்பிவிட்டார். அந்தத் தொட்டியில் காற்றுக்குழாயே வைக்கவில்லை. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு அதிகமானால் மூக்குக்கு நாற்றம்கூடத் தெரியாது. நாற்றமில்லையே என்று இறங்கியவர் மேலே வருவதில்லை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை உண்டு. பணம் போனதைவிட இதைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கழிவுநீர் லாரி வரவழைத்து முழுவதும் உறிஞ்சி எடுத்தோம். அன்றிரவு நல்ல மழை. விடியற்காலையில் பார்த்தால் தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓர் அடிக்கு மேல் எழும்பி நிற்கிறது. குழாய் முறிந்து தொங்குகிறது. பாறையில் வெட்டிய குழி கிண்ணம் போன்றது, மழைநீருக்கு வடிய வழியில்லை. 1000 லிட்டர் காலித் தொட்டி நீரில் முழுக மூழ்கினால் ஏறத்தாழ ஒரு டன் விசையோடு மேலே தள்ளப்படும். அடியில் கான்கிரீட் போட்டுத் தொட்டியை அதனோடு பட்டை வைத்துப் பிணைத்திருக்க வேண்டும். இவர்கள் உடைகல்லின் மேலேயே வைத்து, அதே கல்லையும் மண்ணையும் சுற்றிலும் தள்ளி மூடியிருக்கிறார்கள்.

வெளியே எடுத்துக் கழுவிய பிறகுதான் உண்மை தெரிந்தது. பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு கிரைண்டரால் தேய்த்த தடம். விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். அழித்தும் அழியாமல் 'குடிநீர்' என்ற புடைப்பெழுத்து தெரிந்தது. மொட்டை மாடியில் வைக்கிற சாதாரணத் தண்ணீர்த் தொட்டி! உள்ளே தடுப்பு இல்லை. 'டி' வடிவக் குழாய் இல்லை. நுழைகுழாயும் வெளிக்குழாயும் ஒரே மட்டத்தில், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் போட்ட ஓட்டைகளில் செருகப்பட்டிருந்தன.

கழிவுநீர்த் தொட்டி வெறும் கொள்கலன் அல்ல. கசடு அடியில் தங்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்க வேண்டும், நடுவில் தெளிந்த நீர் மட்டும் 'டி' குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். வெளிக்குழாய் நுழைகுழாயைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். கசடைத் தின்னும் நுண்ணுயிர்கள் மலத்திலேயே இருக்கின்றன, பவுடர் தேவையே இல்லை. எந்தத் தொட்டியானாலும் கசடு சேரும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுத்தே ஆக வேண்டும். 'அள்ளவே வேண்டாம்' என்கிறவரிடம் அதற்குமேல் பேச வேண்டியதில்லை.

கிணற்றையும் கெடுத்துவிட்டார்கள். உறிஞ்சு குழியைக் கிணற்றிலிருந்து நாற்பதடியில் வெட்டியிருந்தார்கள். குறைந்தது 18 மீட்டர், அதாவது அறுபதடி இருக்க வேண்டும். நம் ஊர்ப் பாறை வெடிப்புகளில் நீர் வடிகட்டப்படாமலே ஓடும் என்பதால் அதற்கும் மேல் விடுவது நல்லது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில், கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி இருந்தது. குடிப்பதற்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வருவதால் தப்பித்தோம்.

கடைக்காரரிடம் கேட்டால், "பாறையில் வைத்தால் அப்படித்தான் தம்பி" என்கிறார். பாறை என்று தெரிந்துதானே விற்றார்! அவர் கொடுத்த ரசீது 'டேங்க் 1' என்று எழுதிய வெள்ளைத் துண்டுக் காகிதம். ஜிஎஸ்டி எண் இல்லை, உத்தரவாத அட்டை இல்லை. இருந்தாலும் ஜிபேயில் அனுப்பிய பதிவும் அவர் வாட்ஸ்அப்பில் 'பயோ டேங்க்' என்று அனுப்பிய படமும் இருக்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

உங்கள் வீட்டுக்குத் தொட்டி வந்து இறங்கினால் மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றிவந்து தேய்த்த தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள். மண் தள்ளிய பிறகு எதுவும் தெரியாது.

பாறையை உடைத்து இரண்டு அறைத் தொட்டி கட்டும் வேலை இப்போது நடக்கிறது. பழைய தொட்டியைக் காயலான் கடைக்குப் போடவில்லை. தேய்த்த பக்கம் வெளியே தெரியும்படி மாமரத்தடியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம்.