கியர்பாக்ஸ் அசெம்ப்ளி ஜெல், ஒரு டப்பா காலி பண்ணிட்டு எழுதறேன்

5 ஸ்பீடு மேனுவல் கியர்பாக்ஸ் ஒண்ண முழுசா பிரிச்சு மாட்டும்போது இந்த அசெம்ப்ளி ஜெல்ல (பார்ட்ஸ மாட்டும்போது நகராம ஒட்டி வெக்கற பசை மாதிரி ஜெல்) யூஸ் பண்ணேன், ரொம்ப திருப்தி. முக்கியமா இந்த லூஸ் நீடில் ரோலர் இருக்குல்ல, ஊசி மாதிரி சின்னச் சின்னதா, அத ஒவ்வொண்ணா அடுக்கி ஷாஃப்ட்ட நுழைக்கறதுக்குள்ள ஒண்ணு சாஞ்சா மொத்தமும் கொட்டிரும், ஜெல்ல மெல்லிசா தடவிட்டு அடுக்கினேன், கியர தலைகீழா புடிச்சாலும் ஒண்ணுகூட நகரல.

இதுக்கு முன்னாடி ஒரு கியர்பாக்ஸ்ல வீல் பேரிங் கிரீஸ் வெச்சு மாட்டினேன், பெரிய தப்பு. அது கியர் ஆயில்ல லேசுல கரையாது, ஆயில் மாத்தும்போது கட்டி கட்டியா வந்துச்சு, அந்தக் கட்டி போய் ஷாஃப்ட்டுல இருக்கற ஆயில் ஓட்டைய அடைச்சா பேரிங் காஞ்சே போயிடும். ஜெல் அப்படி இல்ல, சூடானதும் உருகி ஆயிலோட கலந்துடுது. அவசரத்துக்கு வாசலினும் இதே வேலைய செய்யும், ஆனா சூடான இடத்துல வெச்சு வேலை பார்த்தா சீக்கிரம் இளகிடும்.

சிங்க்ரோ ரிங்ல (கியர் மாத்தும்போது ரெண்டு பக்க வேகத்தையும் ஒண்ணாக்கற வளையம்) மட்டும் தயவுசெஞ்சு ஜெல் தடவாதீங்க, மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த வழுக்கற கிரீஸ்) சுத்தமா வேணாம். அந்த ரிங் கியரோட கூம்பு மாதிரி இருக்கற கோன்ல உரசி புடிச்சாதான் கியர் கத்தாம விழும், அதனால பாக்ஸ்ல ஊத்தப்போற அதே ஆயில்ல நனைச்சு மாட்டுங்க, பித்தளை ரிங்னா பெரும்பாலும் ஜிஎல்-4 ரக கியர் ஆயில் தான் சொல்லுவாங்க, எதுக்கும் மேனுவல பார்த்துக்கோங்க. மத்த பேரிங்குக்கும் அதே ஆயில். ஆயில் சீல் லிப்ல (ஆயில் கசியாம தடுக்கற ரப்பர் வளையத்தோட விளிம்புல) மட்டும் துளி கிரீஸ்.

ஒரே குறை டப்பா வாய் ரொம்ப அகலம், திறந்து வெச்சா தூசி வந்து ஒட்டுது, ட்யூபா குடுத்திருக்கலாம்.