டி.ஏ.பி.யா, சூப்பரா, ராக் பாஸ்பேட்டா? ராமநாதபுரம் கரையோர மண்ணுக்கு எது?

டி.ஏ.பி. (டைஅம்மோனியம் பாஸ்பேட்), சூப்பர் (சூப்பர் பாஸ்பேட்), ராக் பாஸ்பேட் (பாறையைப் பொடித்த தூள்) மூன்றுமே பயிருக்கு மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், தரும் உரங்கள். குமரி மாவட்ட ரப்பருக்கும் நீலகிரித் தேயிலைக்கும் ராக் பாஸ்பேட் நல்ல உரம், விலையும் குறைவு. அதைக் கேள்விப்பட்டுத் தொண்டி, தேவிபட்டினம் பக்கத்தில் யாராவது அதையே வாங்க நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். அங்கே அது பலிப்பது மண்ணின் புளிப்பால். கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இருந்தால் மண்ணே பாறைத்தூளைக் கரைத்துக் கொடுத்துவிடும். நம்ம கரையோர மண் பெரும்பாலும் உப்பு மிகுந்த உவரும் காரம் மிகுந்த களருமாக 8-ஐ ஒட்டி நிற்பது. இதில் போட்ட தூள் தூளாகவே கிடக்கும். மணிச்சத்தைக் கரைக்கும் நுண்ணுயிர் உரமான பாஸ்போபாக்டீரியா சேர்த்தால் கொஞ்சம் கரையும்தான். ஒரு போக நெல்லுக்கோ முண்டு மிளகாய்க்கோ அது எந்த மூலைக்கு?

ஆக, போட்டி மற்ற இரண்டுக்கும்தான். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ, தழைச்சத்து (நைட்ரஜன்) 9 கிலோ. சூப்பர் மூட்டையில் மணிச்சத்து வெறும் 8 கிலோ. ஒரு டி.ஏ.பி.க்கு ஈடுகட்ட ஏறக்குறைய மூன்று சூப்பரும் 20 கிலோ யூரியாவும் வேண்டும். வண்டிக்கூலி, தூக்குக்கூலி வேறு. எல்லாரும் டி.ஏ.பி.யையே கேட்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த மூன்று மூட்டையோடு 16 கிலோ கந்தகமும் சும்மா வருகிறதே! கடலையும் மிளகாயும் அதை விடாது. அப்புறம், கார மண்ணில் டி.ஏ.பி. விதையை ஒட்டி விழுந்தால் அம்மோனியா கிளம்பி முளை கருகும். சூப்பரில் அந்தப் பயம் இல்லை.

என் ஓட்டு சூப்பருக்கே. அதையும் வெறுமனே வீசக்கூடாது. புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துவைப்பதுபோல் இங்கே சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். மழையை நம்பிக் காய்ந்த மண்ணில் விதைக்கும் மானாவாரிப் புழுதி விதைப்பு என்றால், ஏக்கருக்கு 300 கிலோ மக்கிய தொழுவுரத்தைப் பொடித்து, சூப்பரைக் கலந்து, நிழலில் குவித்து ஒரு மாதம் மூடி வையுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிரும் ஈரப்பதம் போதும். விதைக்கும்போது இதைப் போட்டால் மணிச்சத்து சுண்ணாம்பிடம் சிக்குவது குறையும்.

டி.ஏ.பி.யை நான் கேட்டு வாங்குவது உளுந்துக்குத் தெளிக்க மட்டும். பூக்கும்போது ஒன்று, 15 நாள் கழித்து ஒன்று. 10 லிட்டர் டேங்குக்கு 200 கிராம் கணக்கு. முதல் நாள் ராத்திரியே ஊறவைத்துத் தெளிவை மட்டும் வடித்து ஊற்ற வேண்டும். ஊருணித் தண்ணீர் கிடைத்தால் நல்லது. உப்புப் போர் தண்ணீரில் கலந்தால் திரிந்துபோய் நாசில் அடைக்கும்.